பழைய சோபா உறைக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றுவது எப்படி?

சாயம் வாங்கக் கடைக்குப் போகும் முன், உறையின் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, சாம்பல் தொட்டதும் பொடிந்தால் அது பருத்தி, லினன் அல்லது விஸ்கோஸ். உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான மணி நின்றால் பாலியஸ்டர். கீழே சொல்லும் முறை பாலியஸ்டருக்கு உதவாது. எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அலசும்போது முழுவதும் கழுவிக்கொண்டு போய்விடும். பாதிக்குப் பாதி கலந்த துணியில் நிறம் வெளிறித்தான் வரும்.

பருத்தி உறையிலும் தையல் நூலும் ஜிப் பட்டையும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அவை பழைய நிறத்திலேயே நிற்கும். வெள்ளை உறையைக் கருநீலமாக்கினால் தையல் வரி வெள்ளையாகத் தெரியும். பிடிக்காதவர்கள் மெல்லிய நிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இருக்கும் நிறத்தின் மேல்தான் புது நிறம் ஏறும் என்பதால் மஞ்சள் உறையில் நீலம் போட்டால் பச்சைதான் வரும்.

அழுக்கு எடுப்பது

திட்டு விழுவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. சோபாவின் முதுகுப்பக்கம் தலை எண்ணெயும், கைப்பிடியில் வியர்வையும் பல வருடம் ஊறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்கூடச் சாயத்தைத் தடுக்கும். எண்ணெய் பட்ட இடங்களில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு சலவைத்தூளும் இரண்டு கைப்பிடி சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட் என்ற காரத்தூள்) போட்ட வெந்நீரில் துவைத்து நன்றாக அலசுங்கள். சுருங்குவதானால் இப்போதே சுருங்கும். சோபாவில் மாட்டிப் பார்த்துவிடுங்கள், பத்தாத உறைக்குச் சாயம் வீண். கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் கறை ஒட்டாத பூச்சோ எண்ணெயோ இன்னும் இருக்கிறது.

அளவு

குளிர்ந்த நீரில் பிடிக்கும் ரியாக்டிவ் சாயம் கேளுங்கள். சாயக்கடைகளில் 'கோல்டு பிராண்டு' (Cold Brand) என்றால் புரியும். உலர்ந்த எடையில் 2 கிலோ உள்ள உறைக்கு:

- தண்ணீர் 40 லிட்டர்
- சாயம் 60 கிராம் (கருநீலம், கறுப்புக்கு 120 முதல் 160 வரை)
- தூள் உப்பு 2 கிலோ
- சோடா ஆஷ் 400 கிராம்

கல் உப்பு வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் நிறத்தை மங்கடிக்கும். உப்பு நீர் வரும் போர்வெல்லுக்கும் அதே கதைதான், மழைநீர் கிடைத்தால் உத்தமம். சோடா ஆஷுக்குப் பதில் ஆப்பச்சோடா போடாதீர்கள், அதன் காரம் போதாது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும். 80 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் சரியாக இருக்கும். சாயப்பொடியைப் பிரிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். கையுறையைக் கடைசிவரை கழற்றாதீர்கள்.

சாயம் ஏற்றுவது

சாயத்தைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் பசையாகக் குழைத்து, பிறகு நீர்க்கக் கரைத்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்டி டிரம்மில் ஊற்றுங்கள். கரையாத ஒரு துகள் போதும், துணியில் கரும்புள்ளி விழ. ஜிப்பைத் திறந்து, மடிப்புகளை நீக்கி, ஈரமான உறையை இறக்குங்கள். காய்ந்த துணி ஒரே சீராக உறிஞ்சாது. உப்பை ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று தடவையாகப் போட்டு, இருபது நிமிடம் கிளறுங்கள்.

சோடா விழும்வரை சாயம் துணியில் நிலைப்பதில்லை, அவசரமில்லாமல் பரப்ப இதுவே நேரம். சோடா விழுந்த பிறகு எது எங்கே இருக்கிறதோ அங்கேயே பிடித்துக்கொள்ளும். அதனால் சோடாவை இரண்டு லிட்டர் வெந்நீரில் தனியாகக் கரைத்து ஆறவிட்டு, உறையை ஒரு பக்கம் ஒதுக்கி, தண்ணீரில் மட்டும் படும்படி பதினைந்து நிமிடத்தில் மூன்று பங்காக ஊற்றுங்கள். துணிமேல் நேராக ஊற்றினால் அந்த இடம் கருத்துவிடும். அடுத்த இருபது நிமிடம் கம்பை நிறுத்தாமல் கிளறுங்கள், பிறகு அவ்வப்போது. மொத்தம் ஒரு மணி நேரம் போதும். நம் ஊர் வெயிலில் தண்ணீரைச் சூடாக்கவே வேண்டாம். மலைப்பகுதிகளில் மட்டும் வெதுவெதுப்பாக வையுங்கள்.

அலசுவது

முதலில் பச்சைத்தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி உப்பையும் சோடாவையும் வெளியேற்றுங்கள். அதன்பின் கொதிக்கக் கொதிக்க உள்ள நீரில் சலவைத்தூளோடு பத்து நிமிடம், இரண்டு தடவை. ஒட்டாத சாயம் வெந்நீரில்தான் கழன்று வரும். இதைத் தவிர்த்தால் உட்காருபவர் வேட்டியில் பிறகு கழலும். நனைத்த வெள்ளைத்துணியை வைத்து இஸ்திரி போட்டால் மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நிழலில் உலர்த்துங்கள். காய்ந்தபின் நிறம் ஓரிரு படி குறைந்து தெரியும்.

மிஞ்சிய சாயநீரைச் சேர்த்துவைத்துப் பயனில்லை, சோடா கலந்தபின் அதன் வீரியம் தண்ணீரிலேயே தீர்ந்துபோகும். செடிக்கும் ஊற்றாதீர்கள். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அந்தக் கழிவிலும் பெரிய தலைவலி உப்புதான். பாதாளச் சாக்கடையில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள்.

திட்டு விழுந்துவிட்டால் அதே நிறத்தை மறுபடி போடுவதில் பயனில்லை, வித்தியாசம் அப்படியே தொடரும். இரண்டு படி அடர்ந்த நிறமாகப் போட்டால் பெரும்பாலும் மறையும்.