பழைய கேசட்டில் ரெக்கார்டு பட்டனை அமுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் டேப் ரெக்கார்டர் சேர்க்கும் இளைஞர்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறார்கள். ஆக்ரிக் கடையில் (பழைய சாமான் கடையில்) கிடைத்த டூ-இன்-ஒன்னும் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த மெஷின்) ஒரு பை கேசட்டுமாக வந்து நிற்பார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். தொடங்கிய புதிதில் எல்லாரும் செய்வதையே அவர்களும் செய்கிறார்கள். வெயிலில் வைக்காதே, காந்தத்தின் பக்கத்தில் வைக்காதே என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

ஒடித்த தகட்டுக்கு மேல் செல்லோடேப் ஒட்டுவது

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் இறங்காது. ஏ பக்கம் நம்மைப் பார்த்து, நாடா தெரியும் விளிம்பு கீழே இருக்கும்படி பிடித்தால், இடது தகடு ஏ பக்கத்துக்கு, வலது தகடு பி பக்கத்துக்கு. கடையில் விற்ற பாட்டுக் கேசட்டில் இந்தத் தகடு முதலிலேயே இருக்காது, அது வேறு விஷயம். வெற்றுக் கேசட்டாக வாங்கி, எதையோ பதிந்து, மெனக்கெட்டுத் தகட்டையும் ஒருவர் ஒடித்திருக்கிறார் என்றால், உள்ளே இருப்பது அழியக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இந்த இளைஞர்களோ அந்தக் குழியில் செல்லோடேப்பை ஒட்டி மேலே பதிகிறார்கள். எத்தனை பேரிடம் சொல்லியும் இது நிற்கவில்லை. நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

நம் பக்கத்துக் கேசட்டுகளில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள், பதில் பேசி அதே வழியில் திருப்பி அனுப்புவார்கள். கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு, கல்யாண வீட்டுச் சத்தம், குழந்தை முதலில் பேசிய பேச்சு, எல்லாம் இந்த டிடிகே, சோனி, மாக்ஸெல் சி-60, சி-90 (60, 90 நிமிடம் ஓடும்) கேசட்டுகளில்தான் ஏறின. வேறெங்கும் பிரதி கிடையாது.

பாறசாலையில் வாங்கிய கேசட் ஒன்றில் தன் கிட்டார் வாசிப்பைப் பதிந்துகொண்டு ஒரு பையன் வந்தான். வாசிப்பு முடிந்ததும் ஒரு டக், அதற்கடுத்து ஒரு ஆணின் குரல்: “...கெணத்தடி பிலாவ ஆரு கேட்டாலும் குடுக்காண்டாம் அம்மா, நான் வந்து பாத்துக்கிடுதேன்.” அரை நிமிடத்தில் நாடா முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் அந்த மனிதர் பேசியதெல்லாம் கிட்டாருக்கு அடியில் போய்விட்டது. லேபிளில் பேனாவால் எழுதியிருந்த எழுத்து பாதி அழிந்திருந்தாலும் ‘அம்மைக்கு’ என்பது வாசிக்கிற மாதிரிதான் இருந்தது. பையன் அதைப் பார்க்கவே இல்லை.

அழிந்ததை மீட்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. பதியும்போது நாடா முதலில் அழிக்கும் ஹெட்டைத் (நாடா உரசிச் செல்லும் காந்தமுனை) தொட்ட பிறகுதான் பதியும் ஹெட்டுக்கு வருகிறது. மைக்கில் ஒரு வார்த்தை பேசாமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கி வைத்தாலே போதும், இருந்தது போய்விடும். ஒரே ஆறுதல், ஏ பக்கமும் பி பக்கமும் நாடாவின் அகலத்தில் ஆளுக்குப் பாதி. ஒரு பக்கம் அழிந்தால் மறுபக்கம் தப்பும்.

ஆகவே எந்தப் பழைய கேசட் வந்தாலும், தகடு இருந்தால் அதை முதலில் ஒடித்துவிடுங்கள். கை தவறிக்கூட அழியாது. பின்னால் வேண்டுமானால் செல்லோடேப் எங்கும் போய்விடாது. அப்புறம் ஹெட்போன் மாட்டி இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். தொடக்கத்தில் சத்தமில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், நடுவிலிருந்து பேசத் தொடங்கியவர்களும் உண்டு. புது நாடாவின் இரைச்சல் சன்னமாக, ஒரே சீராக இருக்கும். அது திடீரென்று கொஞ்சம் கூடினாலோ ஒரு டக் கேட்டாலோ, அந்த இடத்தில் யாரோ ரெக்கார்டு அமுக்கியிருக்கிறார்கள். விடாமல் கேளுங்கள். குரல் வந்தால் கணினியில் முழுசாக ஏற்றிவிட்டு, பை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். சில சமயம் வீடு தெரிந்துவிடும்.

வெறுமை என்று உறுதியான பிறகு செல்லோடேப் ஒட்டலாம். குரோம் கேசட் (குரோமியம் ஆக்சைடு பூசிய நாடா) என்றால் அதிலும் ஒரு கவனம் வேண்டும். தகட்டுக் குழியை ஒட்டியே இன்னொரு பள்ளம் இருக்கும். டெக் (கேசட் ஓட்டும் மெஷின்) அதை வைத்துத்தான் குரோம் என்று தெரிந்துகொள்கிறது. இரண்டையும் சேர்த்து மூடினால் சாதா நாடா என்று நினைத்துத் தப்பாகப் பதியும்.

பூசணம் பிடித்ததை ஓட்டிப் பார்ப்பது

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பெய்கிற ஊர் இது. கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். பழுப்பின் மேல் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். ஹெட்டும் பிஞ்ச் ரோலரும் (நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை) அதை வாங்கி அடுத்த கேசட்டுக்குக் கொடுக்கும். நல்ல காய்ந்த நாளில், திண்ணையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்து, நாடாவை மெல்லிய நூல் பிரியாத துணிக்கு இடையில் மெதுவாக ஓடவிட்டுத் துடைத்து, வேறு நல்ல ஓட்டில் மாற்ற வேண்டும். தண்ணீர் படக் கூடாது. ஐந்து ஸ்க்ரூ போட்ட ஓடு என்றால் திருப்புளி போதும். ஒட்டி வந்த ஓட்டைப் பிளந்துதான் எடுக்க வேண்டும், பொறுமை தேவை.

தேங்காய் எண்ணெய்

மோட்டாருக்கும் வேண்டாம், பெல்ட்டுக்கும் வேண்டாம்.

ஹெட் பக்கத்து ஸ்க்ரூ

ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் ஸ்க்ரூ அது. சத்தம் மந்தமாக இருக்கிறது என்று உடனே அதைத் திருகுகிறார்கள். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும். திருகித்தான் ஆக வேண்டும் என்றால் இருந்த நிலையை நகப்பூச்சால் குறித்துக்கொண்டு தொடுங்கள்.

வோல்டேஜ்

சவுதியிலிருந்து வந்த மெஷினா? பின்பக்கச் சுவிட்ச் 110-ல் நிற்கலாம். பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

சி-120

நாடா மிக மெல்லிசு. பழைய மெஷினில் சுற்றிக்கொள்ளும்.

மெட்டல் கேசட்டை டூ-இன்-ஒன்னில் பதிவது

மெட்டல் என்றால் உலோகத் தூள் பூசிய நாடா. அதற்கான அமைப்பு டெக்கில் இருந்தால்தான் சரியாகப் பதியும், சரியாக அழியும். இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கியது வீண்.

‘வெற்றுக் கேசட் எங்கே கிடைக்கிறது?’

செல்லோடேப் ஒட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் சாக்கு இது. புதுக் கேசட் இன்றும் செய்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து நேஷனல் ஆடியோ கம்பெனியும், பிரான்ஸில் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸும் நாடா தயாரிக்கின்றன. இணையத்தில் வரவழைக்கலாம். விலை கூடுதல்தான், நாலு பேர் சேர்ந்து வாங்கினால் தபால் செலவு குறையும். பழகிப் பார்க்க சாதா சி-60 போதும்.