நலப்பணி ஆண்டிலிருந்து பொதுச் சுகாதாரப் பணிக்கு: சென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1969 முதல் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். பொதுச் சுகாதாரத் துறைக்குச் செல்ல விரும்புகிறவர்கள் அந்த நேரத்தை ஊர்வலத்துக்கும் மரக்கன்றுக்கும் மேடை ஏற்பாட்டுக்குமாகச் சிதறவிடாமல், ஒரே வார்டில் ஒரே பணியைத் தொடர்ந்து செய்ய அனுமதிக்குமாறு திட்ட அலுவலரிடம் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

என் பரிந்துரை, டெங்குத் தடுப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்களுடன் வீடு வீடாகச் செல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நல்ல தண்ணீர் தேங்கிய பாத்திரங்களில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஆனால் லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்து டிரம்மை நிரப்பிய ஒரு பெண்ணிடம் "கொட்டிவிடுங்கள் அம்மா" என்று சொல்லும்போதுதான், பாடநூல் அறிவுரைக்கும் அவருடைய வாழ்க்கைக்கும் உள்ள தொலைவு உங்களுக்குப் புரியும். டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டுவது, காலியாகும் நாளில் தேய்ப்பது என்று அவரால் இயன்றதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு சுற்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். 50 வீடுகளைப் பார்த்து 5 வீடுகளில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக் குறியீடு, அதாவது நூறு வீடுகளுக்குப் புழு உள்ள வீடுகளின் எண்ணிக்கை, 10 ஆகும். பூட்டியிருந்த வீடுகளை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே குறித்து, மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ மீண்டும் செல்லுங்கள். அவற்றை விட்டுவிட்டால், வேலைக்குச் செல்வோரின் வீடுகளைப் பற்றி உங்கள் எண் எதுவும் சொல்லாது. பார்க்க முடியாத வீடுகளை மறந்துவிடாத இந்தப் பழக்கத்தையே, நோய்கள் மக்களிடையே பரவும் விதத்தை ஆராயும் தொற்றுநோயியல் படிப்பின் முதல் பாடமாக நான் கருதுகிறேன்.

வீடு தேடிச் செல்வதைச் சிறிய வேலையாக எண்ண வேண்டாம். 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் போலவே குணமடைந்தார்கள் என்று 1959 இல் காட்டியது. வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்து அதனால் கூடவில்லை என்பதும், அக்குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்ததால்தான் தெரியவந்தது.

தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமே உண்டு. மருத்துவர்களோடு சுகாதார ஆய்வாளர்களும் பூச்சியியலாளர்களும் அங்கு பணியாற்றுகிறார்கள். அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பும் நடக்கிறது. சேர்க்கைத் தகுதிகளை இந்த ஆண்டிலேயே படித்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குச் செல்லும்போது, பெயரும் கதவு எண்ணும் நீக்கிய குறிப்பேட்டுப் படியை எடுத்துச் செல்லுங்கள். மூலக் குறிப்பேட்டைச் சுகாதார நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.