பழைய தமிழ் நூலை இணையத்தில் ஏற்றும் முன் பதிப்புரிமை பார்ப்பது எப்படி?

தாத்தாவின் அலமாரியில் கிடைத்த ஒரு கதைத் தொகுப்பை இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து ஸ்கேன் செய்து, ஒரு பொதுத் தளத்தில் ஏற்றினேன். பத்தே நாளில் கோப்பு நீக்கப்பட்டது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டிவிட்டதே என்று கொதித்தேன். அப்புறம் பார்த்தால் தப்பு என்னுடையதுதான்.

1. இறந்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள். மாதம், தேதி வேண்டாம். இந்தியச் சட்டப்படி, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தார். உரிமை 2008 முடிவு வரை. கல்கி 1954, ஆகவே 2014 முடிவு வரை. முன்பு இது 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941-இல் இறந்த தாகூரின் உரிமை 1991-உடன் முடிய இருந்தபோதுதான் பத்து ஆண்டு கூட்டினார்கள்.

2. நூலில் வேறு யார் கை பட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் விழுந்த குழி இதுதான். என்னிடம் இருந்தது 1980-களின் மறுபதிப்பு. முன்னுரையும் கதைகளுக்கு அடியிலிருந்த குறிப்புகளும் இன்றும் நம்மோடு இருக்கும் ஒரு பேராசிரியர் எழுதியவை. ஓவியங்கள் வேறொருவருடையவை. கதைக்கு உரிமை முடிந்தாலும் இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் இறந்த ஆண்டையும் பார்க்க வேண்டும். இருவர் சேர்ந்து எழுதியது என்றால் கடைசியாக இறந்தவரின் ஆண்டு.

அட்டையை மட்டும் பார்க்காமல், தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தையும் முன்னுரையின் கீழே உள்ள பெயரையும் படியுங்கள். சிக்கலான பக்கங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்றுப் பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் பக்க எண்கள் எல்லாம் நழுவிவிடும். முடிந்தால் ஆசிரியர் காலத்துப் பழைய பதிப்பையே தேடிப் பிடிப்பது மேல்.

"உரிமை பதிப்பகத்தாருக்கு" என்று அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். உரிமை முடிந்த கதை, புதிதாக அச்சுக் கோத்ததால் மட்டும் மீண்டும் பூட்டப்படுவதில்லை.

3. இறந்த பிறகு முதன்முதலாக வெளியானதா? கடிதம், நாட்குறிப்பு வகையில் இது அடிக்கடி வரும். அப்போது 60 ஆண்டுக் கணக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து தொடங்கும்.

4. நாட்டுடைமை ஆக்கப்பட்டதா? அதாவது, அரசே உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டதா? பாரதியின் எழுத்துகள் 1949-இலேயே அரசுடைமையாயின. அதன் பிறகு தமிழக அரசு பலருடைய நூல்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அப்படியான நூலிலும் மற்றவர் எழுதிய முன்னுரைக்கு இது பொருந்தாது. ஸ்கேன் செய்ய உட்காரும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். நூல் ஏற்கெனவே அங்கே இருந்தால் இடுப்பு வலியிலிருந்து தப்பிக்கலாம்.

5. விக்கிப்பீடியாவின் துணைக் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவதானால் அமெரிக்கச் சட்டமும் குறுக்கே வரும். 1941-இலோ பின்னரோ இறந்தவர்களின் நூல்களுக்கு 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை இருந்ததால், பெரும்பாலும் அங்கேயும் அது உயிர்பெற்றுவிட்டது. வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள்! எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் விதி அது.

கருவிகள்: ஸ்கேன் செய்த பக்கங்களை வெட்டி நேராக்க ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருள் போதும், இலவசம். கைபேசிச் செயலிகள் எழுத்தின் புள்ளிகளைக் கூடச் சுத்தம் செய்துவிடுகின்றன, எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கேன் தெளிவு 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) கீழே போகாதீர்கள். படத்தில் உள்ள எழுத்தைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரிக்குக் கூகுள் டிரைவ்.

பிற்சேர்க்கை: புனைபெயரில் வந்த நூலுக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால் வெளியீட்டு ஆண்டிலிருந்து 60. அந்தக் காலம் முடிவதற்குள் அடையாளம் வெளிப்பட்டுவிட்டால் பழையபடி இறந்த ஆண்டுக் கணக்குதான். பழைய இதழ்களில் எழுதியவர்கள் பலரும் மூன்று நான்கு பெயர்களில் எழுதியிருப்பதால், இதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.