முகவாதத்துக்குச் சீன வைத்தியம்: ஊசிக்குப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து வாய் கோணும் முகவாதம் வந்தால் சீனாவில் எல்லோரும் அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டு, கஷாயம் குடித்து, மாத்திரையைத் தொடாமலே குணமாகிவிடுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. ஊசி குத்துகிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பெரிய மருத்துவமனைகளில் அதே நோயாளிக்கு அதே வாரத்தில் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும், பல இடங்களில் பி12 வைட்டமினும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பாரம்பரிய வைத்தியம் படித்த டாக்டரே அங்கே நவீன மருந்தும் எழுதலாம், இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். சீனாவுக்கு வெளியே இருக்கும் நாம் அதிலிருந்து ஊசியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, 'சீனா முறை' என்று பெயர் வைத்துவிட்டோம். பெரிய தவறு இதுதான். மற்ற பல தவறுகளும் இதிலிருந்து கிளைத்தவை.

ஏன் மாத்திரை முக்கியம்? முகத் தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பு காதுக்குப் பின்னால் ஒரு குறுகலான எலும்புக் குழாய் வழியாக வருகிறது. பெல்ஸ் பால்சி என்று சொல்லப்படும் சாதாரண முகவாதத்தில் இந்த நரம்பு வீங்கி, குழாய்க்குள் தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை இறக்குகிறது. அதனால்தான் முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள் என்று அடித்துச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து நடத்தி 2007-ல் வெளிவந்த ஆய்வில், பத்து நாள் பிரெட்னிசோலோன் (பிரெட்னிசோனின் நெருங்கிய உறவான ஸ்டீராய்டு) சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு மூன்றே மாதத்தில் முகம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பியது, சாப்பிடாதவர்களில் சுமார் 64 சதவீதம் பேருக்குத்தான். ஒன்பது மாதத்தில் அது 94-க்கு 82. 'முதலில் ஊசி குத்திப் பார்க்கலாம், சரியாகாவிட்டால் டாக்டரிடம் போகலாம்' என்று ஒரு வாரம் போக்குகிறவர் இழப்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஊசி இரண்டாவது வாரத்திலும் கிடைக்கும், இந்த 72 மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

அந்த எண்களிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. மருந்தே சாப்பிடாதவர்களில் கூடப் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. பொதுவாகச் சொன்னால் பத்தில் ஏழு பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே முழுமையாகக் குணமாகும். அப்படியென்றால் ஊசி குத்தியவருக்கும் சரியாகும், பச்சிலை கட்டியவருக்கும் சரியாகும், மந்திரித்தவருக்கும் சரியாகும். 'எங்கள் பெரியப்பாவுக்கு எட்டே ஊசியில் வாய் நேரானது' என்ற சாட்சியத்தை வைத்து முடிவெடுப்பது ஆபத்து என்பதற்கு இதுதான் காரணம். ஊசியால் கூடுதல் பலன் உண்டா என்று பார்த்த 2010-ஆம் ஆண்டு கோக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் சர்வதேச மருத்துவ அமைப்பு அது), இருக்கும் ஆய்வுகளின் தரம் போதாது, ஆகவே சொல்ல முடியாது என்றது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2013 வழிகாட்டுதல் ஊசியைப் பரிந்துரைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அதே ஆண்டு வூஹான் பக்கத்து மருத்துவர்கள் 338 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஊசியைக் குத்தி அப்படியே விடுவதைவிடத் திருகித் தூண்டினால், ஆறு மாதத்தில் முகம் நன்றாகத் திரும்புகிறது என்பது அதன் முடிவு. ஊசி ஆதரவாளர்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதில் இரண்டு பிரிவினருக்குமே பிரெட்னிசோன் கொடுத்திருந்தார்கள், ஊசியே குத்தாத பிரிவு ஒன்று அதில் இல்லவே இல்லை. இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, வந்திருப்பது என்ன என்று தெரியாமலே வைத்தியம் தொடங்குவது. வாய் கோணினால் எல்லாம் முகவாதம் அல்ல. கண்ணாடி முன் நின்று புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றிச் சுருக்கம் இரண்டு பக்கமும் விழுந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் அது மூளையில் வந்த பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ இந்தச் சோதனைக்குக் கூடக் காத்திருக்க வேண்டாம். நெற்றியும் சேர்ந்து செயலிழந்திருந்தால் நரம்பிலேயே கோளாறு என்று பெரும்பாலும் சொல்லலாம், ஆனால் அதையும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காதுக்குள்ளோ காது மடலிலோ கொப்புளம், கடுமையான வலி, காது மந்தம் என்றால் அது அக்கி. அக்கியால் வரும் முகவாதம் சாதாரண முகவாதத்தைவிட மோசம், அதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் சேர்த்து வேண்டும். (நம் ஊரில் அக்கி என்றதும் காவி பூசி எழுதக் கிளம்பிவிடுவார்கள். முகம் கோணியிருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.) இரண்டு மூன்று நாளில் சட்டென்று கோணாமல், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே போனால், உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் நாடி பிடித்தோ நாக்கைப் பார்த்தோ தீர்மானிக்க முடியாது.

சரி, டாக்டரைப் பார்த்தாயிற்று, மாத்திரை தொடங்கியாயிற்று, கூடவே ஊசியும் குத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். தவறில்லை. அந்த அறையில் என்ன நடக்கும்? புருவத்துக்கு மேலே யாங்பாய், கண்ணுக்குக் கீழே சிபாய், காது மடலுக்குப் பின்னால் யிஃபெங் என்ற புள்ளிகளில் மயிரிழை போன்ற ஊசிகள் இறங்கும். வாயோரத்தில் இருக்கும் திசாங் புள்ளியில் குத்திய நீளமான ஊசியைத் தோலுக்கு அடியிலேயே படுக்கை வாட்டில் தாடைக்கோணத்து ஜியாச்சே புள்ளி நோக்கிச் செலுத்துவது ஒரு பழைய கைவேலை. கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஹெகு. 'முகம், வாய் என்றால் ஹெகு' என்று சீன மருத்துவ மாணவர்கள் மனப்பாடப் பாட்டே வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஹெகுவைக் குத்தக்கூடாது என்பதும் அதே மரபின் விதி. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முகவாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் கர்ப்பமாக இருப்பதை ஊசி போடுகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. கன்னத்தில் குத்தி ரத்தம் எடுத்துக் கப்பிங் (தோலை உறிஞ்சி இழுக்கும் கிண்ணம்) வைக்கும் முறையை அவர்கள் தவிர்ப்பதே நல்லது.

ஊசிகள் இருக்கும்போது முகத்துக்கு நேராகச் சூடு விளக்கு வைப்பார்கள், அல்லது மாசிபத்திரி இனத்து இலையைச் சுருட்டிக் கொளுத்திக் கன்னத்துக்கு அருகில் காட்டுவார்கள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் ஒரு கண் மூடவில்லை என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருக்காது. அரை மணி நேரம் அந்தச் சூட்டிலும் புகையிலும் திறந்து கிடந்தால் ஏற்கெனவே வறண்ட கருவிழி இன்னும் வறண்டு புண்ணாகும். முகம் திரும்பி வந்துவிடும், கருவிழியில் விழுந்த தழும்பு போகாது. பகலில் அடிக்கடி கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை முழுதாக மூடிய பிறகு டேப் ஒட்டுவது, வெளியே போனால் கண்ணாடி, சூடு விளக்கு வைத்தால் கண்ணை மறைக்கச் சொல்வது, இவ்வளவுதான் வேலை. முகவாதத்தில் நிரந்தரச் சேதம் வராமல் நம் கையாலேயே தடுக்கக்கூடிய இடம் இதுதான், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே.

முதல் வாரத்திலேயே ஊசிகளில் கரண்ட் இணைத்து, முகம் துடிதுடிக்கும் அளவுக்கு வைக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. வலுவாக வைத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற கணக்கு. வீக்கம் தணியாத நாட்களில் குறைந்த ஊசி, மேலோட்டமான குத்து, கரண்ட் பிறகு என்று சொல்லும் சீன மருத்துவர்களே நிறைய. அந்த நிதானம் உள்ளவரைத் தேடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கிறாரா என்றும் பாருங்கள்.

இனி மருந்து. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சீன மருத்துவ நூலொன்றில், வாய் கோணியவருக்கு இழுபட்ட கன்னத்தில் குதிரைக் கொழுப்பையும், தளர்ந்த கன்னத்தில் மதுவில் குழைத்த பட்டையையும் பூசி, கூடவே நல்ல மதுவும் சுட்ட இறைச்சியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் இன்றும் நோயாளிகள் சம்மதிப்பார்கள். பிறகு 12-ஆம் நூற்றாண்டில் வந்த சியான்செங் சான் என்ற பொடிதான் இன்றுவரை பேர் பெற்றது. பூஞ்சை பிடித்துச் செத்த பட்டுப்புழு, முழுத் தேள், பாய்ஃபூசி என்ற கிழங்கு ஆகிய மூன்றும் அதில் உண்டு. பாய்ஃபூசி நம் கருணைக்கிழங்கின் குடும்பம். பக்குவம் செய்யாத கருணை நாக்கை அரிப்பதுபோல் இதுவும் வாயையும் தொண்டையையும் பதம் பார்க்கும், இஞ்சியும் படிகாரமும் சேர்த்துப் பக்குவப்படுத்தினால்தான் உள்ளே கொடுக்கலாம். அதிலும் குழப்பம், பாய்ஃபூசி என்ற பெயரிலேயே வத்சநாபி இனத்து வேர் ஒன்றும் விற்கப்பட்டிருக்கிறது, அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய விஷம். இணையத்தில் பொட்டலமாக வாங்கி வீட்டில் கலக்கும் சரக்கு அல்ல இது. முகத்தில் விலாங்கு போன்ற மீனின் ரத்தம் பூசுவது, ஆமணக்கு விதையை அரைத்துப் பற்று போடுவது, கொப்புளம் கிளப்பும் வண்டை வைத்துக் கட்டுவது எல்லாம் சீனக் கிராமத்து வைத்தியத்தில் உண்டு. கடைசியில் சொன்னதால் முகத் தோலே வெந்துபோகும், அதன் விஷம் தோல் வழியாக உள்ளேயும் போகும்.

கஷாயம் நியாயமான இடத்தில் வாங்கியதாகவே இருக்கட்டும், ஸ்டீராய்டோடு மோதுகிறதா என்று கேட்காமல் குடிக்காதீர்கள். சீனக் கஷாயங்களில் பாதிக்கு மேல் அதிமதுரம் இருக்கும். அது உடலில் ஸ்டீராய்டு சிதைவதைத் தாமதப்படுத்தும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுகிறவர் டான்ஷென் என்ற சீன மூலிகை வேர் சேர்ந்த கஷாயம் குடித்தால் ரத்தக்கசிவு வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு முகவாதமும் அதிகம் வரும், ஸ்டீராய்டால் சர்க்கரையும் ஏறும். ஆனால் அதற்காக மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறுவது தீர்வல்ல, டாக்டரிடம் சொல்லிச் சர்க்கரை மருந்தின் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல். இங்கே அக்குபங்சர் செய்கிறவர்களில் ஒரு சாரார் 'எந்த மருந்தும் வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்துங்கள்' என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறார்கள். சீன மருத்துவமனையில் அப்படிச் சொன்னால் சக ஊசி மருத்துவர்களே ஏற்கமாட்டார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீன மருத்துவர்கள் கிடைக்கிறார்கள், பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். ஆனால் அவர்களால் பிரெட்னிசோலோன் எழுத முடியாது, அதற்குத் தனியாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்புறம் பயிற்சி. சூயிங்கம் மெல்லு, பலூன் ஊது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாவது நரம்பு, பழுதானது ஏழாவது. எவ்வளவு மென்றாலும் தாடைதான் வலிக்கும். முகத்தைக் கோரமாக இழுத்து முக்கி முக்கிச் செய்யும் பயிற்சியும் வேண்டாம். நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். வளரும்போது இழைகள் தடம் மாறினால் சிரிக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணாடி பார்த்து, மெதுவாக, சின்னச் சின்ன அசைவாக, முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரச் செய்யுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு தெரிய ஆரம்பிக்கும். மூன்று மாதமாகியும் முழுமையாகத் திரும்பவில்லை என்றால் இன்னும் இருபது ஊசிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி போங்கள். எம்ஆர்ஐ எடுத்து வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணும் வாயும் சேர்ந்து இழுக்கும் கோளாறு வந்துவிட்டிருந்தால் அதற்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் மருந்து ஊசியும் முறையான பயிற்சியும் இருக்கின்றன, தேவைப்பட்டால் இமையில் அறுவை சிகிச்சையும் செய்யலாம்.