மனு அலவ் ஆனதும் டீ குடிக்கப் போகாதீர்கள்

போன வாரம் குன்னூர் கோர்ட் வராந்தாவில் ஒரு ஜூனியர் தம்பி போனில் கட்சிக்காரரிடம், "திருத்த மனு அலவ் ஆயிடுச்சுங்க, இனிக் கவலையில்ல" என்றார். வழக்கு மனுவில் இருந்த பிழையைத் திருத்த கோர்ட் அனுமதித்துவிட்டது என்று அர்த்தம். இருபது வருடத்துக்கு முன் நானும் அங்கே நின்று இதையேதான் சொன்னேன்.

பக்க எண் விட்டது, கையெழுத்து விட்டது எல்லாம் கோர்ட்டிலிருந்து மனு ரிட்டர்ன் ஆகி வந்ததும் தெரிந்துவிடும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. மற்ற தவறுகளைக் கீழே சொல்கிறேன்.

உத்தரவை வழக்குக் கட்டுக்குள் தூங்கவிடுவது

62 சென்ட் தேயிலைத் தோட்டம், பங்காளித் தகராறு. பிராதின் (வழக்கைத் தொடங்கும் மனுவின்) தபசிலில் (சொத்து விவரத்தில்) உட்பிரிவு 2ஏ-வை 2பி என்று அடித்தது நான்தான். சமவெளியில் வரப்பாவது இருக்கும். இங்கே சரிவு முழுக்க ஒரே பச்சை, நடுவே ஒரு சில்வர் ஓக் வரிசை, கீழே ஓடை. எது யாருடையது என்பதைச் சர்வே நம்பரும் செக்குபந்தியும் (நான்கெல்லை விவரமும்) தான் சொல்லும்.

சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 6 விதி 17-இன் கீழ் மனு போட்டோம். விசாரணை தொடங்கவில்லை, அதனால் சிக்கலில்லாமல் அனுமதி கிடைத்தது. (தொடங்கிய பிறகென்றால், எவ்வளவு கவனமாக இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று காட்ட வேண்டும், 2002 திருத்தத்தில் வந்த நிபந்தனை.) நான் டீ குடிக்கப் போனேன்.

அடுத்த விதியைப் படிக்கவில்லை. விதி 18: கோர்ட் குறித்த நாளுக்குள், குறிக்காவிட்டால் உத்தரவிலிருந்து 14 நாளுக்குள், திருத்தத்தைப் பிராதிலேயே ஏற்றிவிட வேண்டும். பழையதை அடித்து, சிவப்பு மையில் புதியதை எழுதி, ஓரத்தில் ஐ.ஏ. (இடைக்கால மனு) எண்ணும் உத்தரவுத் தேதியும் போட்டு, திருத்திய பிராதைச் சுத்தமாக அடித்துத் தாக்கல் செய்து, எதிர்த்தரப்புக்கும் நகல் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் அவகாசம் கேட்டு இன்னொரு மனு.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகம். ஆனால் டிக்ரியில் (தீர்ப்பின்படி கோர்ட் எழுதித் தரும் ஆணையில்) 2பி. ஜூலை மழையில் டிக்ரியை நிறைவேற்றச் சரிவேறி வந்த கோர்ட் அமீன் பேப்பரைப் பார்த்துவிட்டு, "இது வேற பூமிங்க" என்று இறங்கிப் போய்விட்டார். கட்சிக்காரப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. "ஜெயிச்சது நாமதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பிரிவு 152-இல் டிக்ரியைத் திருத்த மனு போட்டோம். "பிராதில் உள்ளதுதானே டிக்ரியில் இருக்கு, இதில் கோர்ட்டின் எழுத்துப் பிழை எங்கே?" என்று மடக்கினார் எதிர்த்தரப்பு வக்கீல். ஒன்றரை வருடம் இழுத்தது. அத்தனை நாளும் கொழுந்து பறித்து ஃபேக்டரிக்குப் போட்டது அவருடைய கட்சிக்காரர்.

ஒயிட்னர்

கோர்ட் கட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கோர்ட் ஃபீஸ் குறைவு

கோர்ட் அனுமதியோடு கட்டிவிடலாம். பிரிவு 149.

நடுவில் இறந்த பிரதிவாதி

90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போடாவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க மேலும் 60 நாள். பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிப் போயிருப்பார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்கு வரும்போதே பெயர், விலாசம் வாங்கிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

புதுக் கோரிக்கையை 'டைப்பிங் மிஸ்டேக்' என்று நுழைப்பது

நீதிபதிக்கும் படிக்கத் தெரியும்.

அந்த ஜூனியரிடம் உத்தரவுத் தேதி கேட்டேன். டைரியைப் புரட்டி, விரல் விட்டு எண்ணினார். பதினோராம் நாள். என் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு செக்‌ஷனுக்கு ஓடியவர், அதை இன்னும் திருப்பித் தரவில்லை.