ஸ்பீக்கர் ஒயருக்குத் தடிமனைப் பாருங்கள், பிராண்டை அல்ல

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு விலை உயர்ந்த கேபிள் வேண்டாம், 1.5 சதுர மி.மீ. பல இழைச் செம்பு ஒயரே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள், வித்தியாசம் அங்கேதான் காதில் விழும்.

காரணம் எளிது. ஒயரின் மின்தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டாதவரை ஒலி மாறுவது காதுக்குத் தெரியாது. 5 மீட்டர் தூரத்துக்கு இந்த ஒயரில் போக வர மொத்தத் தடை சுமார் 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1.5 சதவீதம். வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கலாம், தடை கூடுதல். இழைகளை இறுக்கி முறுக்கி மாட்டுங்கள். ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம்.

4 ஓம் ஸ்பீக்கரோ, 10 மீட்டருக்கு மேல் தூரமோ என்றால் 2.5 சதுர மி.மீ. எடுங்கள். ரெக்கார்டு பிளேயர் கேபிளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சிக்னல் மிகச் சிறியது. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) கூடினால் உச்ச ஸ்தாயி ஒலி உண்மையிலேயே மாறும்.