தூரதேசத்துச் சின்னப் பங்குகளுக்கு உங்கள் காணிக்கை சரியாகப் போய்ச் சேர

என் மகள் முதல் நன்மை (முதன்முதலாக நற்கருணை) வாங்கிய வருஷம் எங்கள் பங்கில், அதாவது நாங்கள் சேர்ந்திருக்கும் கோயிலில், ஒரு சின்ன உறை கொடுத்தார்கள். ஜெர்மனியில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்த அன்பளிப்புக் காசில் கொஞ்சத்தை அதில் போட்டுக் கொடுப்பது வழக்கம், அது போனிஃபாட்டியுஸ்வெர்க் என்ற கத்தோலிக்க உதவி அமைப்புக்குப் போகிறது. "இது யாருக்கப்பா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகத் தேட ஆரம்பித்ததுதான், பிறகு நானும் மனைவியும் வருஷா வருஷம் கொடுக்கும் பழக்கமாகிவிட்டது. இப்படிக் கொடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள், எந்த அமைப்பு என்பது அப்புறம். கத்தோலிக்கர் சிறுபான்மையாக வாழும் எல்லா இடத்திலும் ஒரே கஷ்டம் இல்லை. நார்வேயில் கத்தோலிக்கரை யாரும் விரட்டவில்லை. அங்கே பிரச்சினை தூரம். ஞாயிறு பூசைக்கு வருபவர்களில் போலந்துக்காரர், பிலிப்பினோக்கள், வியட்நாமியர், நம் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று எல்லாரும் இருப்பார்கள், ஆனால் அடுத்த கோயில் பல மணி நேரப் பயணத்தில் இருக்கும். 1849இல் ரேகன்ஸ்பூர்க்கில் தொடங்கி இப்போது பாடர்போர்னிலிருந்து இயங்கும் போனிஃபாட்டியுஸ்வெர்க் இப்படிச் சிதறி வாழ்பவர்களுக்காகவே இருக்கிறது: ஜெர்மனிக்குள்ளும், வட ஐரோப்பாவின் ஐந்து நாடுகளிலும், எஸ்தோனியா, லாத்வியாவிலும். அவர்கள் வாங்கிக் கொடுக்கும் வேன்கள் கடுகுப்பூ மஞ்சளில் இருக்கும், எங்கே நின்றாலும் தெரியும். மறைக்கல்விக்குப் பிள்ளைகளையும் பூசைக்கு வயதானவர்களையும் ஏற்றி வருவது அந்த வேன்தான். செலவில் ஒரு பகுதியை அந்தக் கோயில்காரர்களும் போட வேண்டும் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. தாங்களும் காசு போட்ட வண்டியைத் தங்கள் வண்டியாகவே பார்ப்பார்கள்.

ஈராக் வேறு கதை. 2014 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ஐஎஸ் தீவிரவாதப் படை வருகிறது என்று நினிவே சமவெளியின் கிறிஸ்தவ ஊர்கள் ஒரே இரவில் காலியாகின. அவற்றில் ஒன்றான கரகோஷ் ஊர்க்காரர்கள் உடுத்திய துணியோடு எர்பில் நகரத்துப் பக்கம் ஓடினார்கள். 2016 அக்டோபரில் ஊர் மீட்கப்பட்டபோது அல்-தாஹிரா பேராலயத்தின் உள்புறம் எரிந்து கருகிக் கிடந்தது, முற்றத்தைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். அங்கே வீடு கட்டவும் அந்தப் பேராலயத்தைச் சீரமைக்கவும் துணை நின்றது 'எய்ட் டு தி சர்ச் இன் நீட்' என்ற கத்தோலிக்க உதவி அமைப்பு. 2017 மே மாதத்தில், முதல் கட்ட வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கொரு ஒலிவ மரக்கன்று கொடுத்தார்கள். ஒலிவம் நின்று காய்க்க வருஷக்கணக்காகும், ஊரில் தங்குகிறவர்தான் நடுவார்.

இந்த அமைப்பு தொடங்கியதே அகதிகளுக்காகத்தான். 1947இல் வெரன்ஃப்ரீட் வான் ஸ்ட்ராட்டன் என்ற டச்சுத் துறவி, ஜெர்மானியர் ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் மீண்ட பெல்ஜிய மக்களிடம் போய், வீடிழந்த ஜெர்மானியருக்கு உதவுங்கள் என்று கேட்டார். விவசாயிகள் பன்றி இறைச்சியைக் கொண்டு வந்து கொடுத்தார்கள், அதனால் அவருக்குப் 'பேக்கன் சாமியார்' என்றே பெயர். 2011இல் இது பாப்பரசரின் நேரடி அதிகாரத்துக்குட்பட்ட அறக்கட்டளை ஆனது.

சரி, எப்படிக் கொடுப்பது? எந்த வேண்டுகோள் வந்தாலும் அந்த ஊர் ஆயரின் (பிஷப்பின்) ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல அமைப்புகள் ஆயரோ துறவற சபைத் தலைவரோ ஒப்புதல் தராத விண்ணப்பத்தை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் "நான் இன்ன நாட்டுக் குருவானவர், கோயில் இடிந்துவிட்டது" என்று படத்தோடு வந்தால், படம் எவ்வளவு மனதைப் பிசைந்தாலும், ஆயரின் கடிதம் கேளுங்கள். உண்மையான குருவானவர் கோபப்பட மாட்டார்.

பணம் அனுப்பும்போது எதற்கு என்று குறிப்பில் எழுதுங்கள். குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், 1267ஆம் எண். ஜெர்மனியில் 300 யூரோ வரை வரிக்கழிவுக்கு வங்கிக் கணக்குப் பட்டியலே போதும், தனி ரசீது கேட்டு அலைய வேண்டாம். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் டிக் போட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடச் சேரும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பொருள் அனுப்பாதீர்கள். நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒருமுறை குளிர்கால உடுப்புகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டினோம். அனுப்பும் கூலி உடுப்பின் விலையைத் தாண்டியது, போய்ச் சேர்ந்தபோது அங்கே வெயில் காலம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பூசைக் கருத்து, அதாவது இன்னாருக்காக என்று பெயர் சொல்லி, காணிக்கை கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்பது. நம் பங்குகளில் கருத்துகள் நிரம்பி வழியும், ஒரு பூசைக்கு முன்னால் பெயர்களை வாசித்து முடிக்கவே நேரமாகும். சம்பளம் என்று ஒன்று இல்லாத எத்தனையோ குருக்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பூசைக் காணிக்கைதான் சோற்றுக்கும் பெட்ரோலுக்கும் காசு. ஒரு குருவானவர் ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரு காணிக்கையை மட்டுமே தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம் (கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு), ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை தனியாக ஒப்புக்கொடுக்க வேண்டும். அதனால் உங்கள் அம்மாவின் பெயருக்கு அங்கே ஒரு முழுப் பூசை நிச்சயம். 'எய்ட் டு தி சர்ச் இன் நீட்' படிவத்தில் பெயரையும் கருத்தையும் எழுதினால் போதும். ஒற்றைப் பூசை, ஒன்பது பூசைகள் கொண்ட நவநாள், இறந்தவருக்காகத் தொடர்ந்து 30 நாள் ஒப்புக்கொடுக்கும் கிரகோரியன் பூசை என்று மூன்று வகை உண்டு. 31ஆம் நாள் நினைவு வைக்கிற நமக்கு அந்தக் கடைசி வகை மனதுக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் கருத்து போய்ச் சேரவே நாளெடுக்கும், 31க்குள் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் ஆண்டு நினைவை ஒட்டிக் கேட்பது நல்லது.

ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட மாதம் பத்து யூரோ நல்லது. செய்தியில் ஊர் பெயர் அடிபடும்வரை பணம் வரும், பிறகு நின்றுவிடும், ஆனால் நினிவேயில் சேதமான ஏறத்தாழ 13,000 வீடுகளைச் சரிசெய்வது ஒரு வருஷத்தில் முடிகிற காரியமா?

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்புவது சுற்று வழி, அதற்கு அலைய வேண்டாம். அக்டோபரில் கடைசிக்கு முந்தைய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு, அன்றைய காணிக்கை உரோமை வழியாக உலகின் ஏழை மறைமாவட்டங்களுக்குப் போகிறது. பெரிய வெள்ளிக் காணிக்கை புனித பூமிக்கு, அதில் பெரும்பகுதி அங்கே உள்ள பிரான்சிஸ்கன் துறவிகளிடம் சேர்கிறது, எருசலேமிலும் பெத்லகேமிலும் குறைந்துகொண்டே வரும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடமும் வீடும் நடப்பது அதில்தான். அடுத்த பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்கும்போது, சில்லறையைத் தேடாமல் முன்பே ஒரு நோட்டை மடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, இது யாருக்கு என்று சொல்லிவிடுங்கள்.